எல்பிஜி கிட் எடுத்த ஆம்னி: மிச்சம் நிக்கிற கூலன்ட் நிப்பிளை எப்படி அடைக்கலாம்?

காட்பாடி ஆம்னி:
கார்பரேட்டர் வச்ச மாருதி ஆம்னி வேன். எல்பிஜி கிட்டைக் கழட்டியாச்சு. ரெடியூசருக்கு (கேஸ் அழுத்தத்தைக் குறைக்கிற டப்பா) இன்ஜின் சுடுதண்ணி போன வழி ரெண்டும் அப்படியே நிக்குது. ஒண்ணு ஹீட்டர் ஹோஸ் நடுவுல பிளாஸ்டிக் டீ (மூணு வழி இணைப்பு). இன்னொண்ணு மேனிஃபோல்டுல (பெட்ரோல்-காத்து கலவையை இன்ஜினுக்குள்ள கொண்டுபோற அலுமினியப் பாகம்) திருகின பித்தளை நிப்பிள், அதாவது ஹோஸ் மாட்டுற குட்டிக் குழாய். ரெண்டுலயும் துண்டு ஹோஸ் மாட்டி, உள்ள போல்ட் சொருகி, கிளிப் போட்டிருக்கு. டவுன்ல சொட்டு கூட இல்ல. ஏலகிரி ஏறினா போல்ட் ஓரமா பச்சையா கசியுது. எம்-சீல் வச்சா நிக்குமா?

ஆற்காடு லேத்:
நிக்காது தம்பி. சூட்டுல எம்-சீலும் உலோகமும் ஒரே அளவுக்கு விரியாது, ஓரத்துல மயிரிழை விட்டுடும். போல்ட் கசியறதுக்குக் காரணம் மரைதான். கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் அந்தப் பள்ளத்துல முழுசா இறங்காது. மலை ஏறும்போது உள்ள பிரஷர் ரேடியேட்டர் மூடி தாங்குற அளவு வரைக்கும், அதாவது 0.9 பார் கிட்ட ஏறும். தண்ணி மரை வழியாவே சுத்திக்கிட்டு வெளிய வரும்.

டீயை அடைக்கவே வேணாம். எடுத்துப் போட்டுட்டு ஒரே நீள ஹோஸ் மாட்டு. உள்ள நூல் வலை போட்ட ஹீட்டர் ஹோஸா இருக்கணும், பெட்ரோல் ஹோஸ் ஆகாது.

நிப்பிளைக் கழட்டி மரையை கேஜ் வச்சுப் பாரு. பைப் மரையில ரெண்டு வகை: கால் இன்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு)ன்னா இன்ச்சுக்கு 19 மரை, என்பிடி (அமெரிக்க அளவு)ன்னா 18. நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில கிடைக்கிறது பிஎஸ்பி. மாத்திப் போட்டா ரெண்டு சுத்து நல்லாவே ஏறும், அப்புறம் பிடிக்கும். அங்க ஸ்பானரைப் போட்டா மேனிஃபோல்டு மரை காலி. பித்தளையில டேப்பர் டம்மி (முனை சிறுத்த அடைப்புத் திருகு) வாங்கு. ஜிஐ பிளக் வேணாம், துத்தநாகப் பூச்சு கூலன்ட்ல கரைஞ்சு கசடாகும். முதல் மரையை விட்டுட்டு லாக்டைட் 577 மரைப் பசை தடவி, கையால முட்டுற வரைக்கும் திருகு. அதுக்கு மேல ஒண்ணு, மிஞ்சினா ஒன்றரை சுத்து.

ராணிப்பேட்டை ரேடியேட்டர்:
அண்ணன் சொன்னது சரி. கூட ஒண்ணு: வேலூர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குன்னு அந்த லைனையும் சேர்த்து டம்மி போட்டுடாதீங்க. சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டர் வழியை அடைக்கிற வால்வு) மூடியிருக்கும்போது தண்ணி சுத்துறதே அந்த வழியாத்தான். ஹீட்டர் வேணாம்னா ரெண்டு முனையையும் ஒரே ஹோஸால யு மாதிரி சேர்த்து விடுங்க.

நம்ம போர் தண்ணி உப்பு, ஊத்தவே கூடாது. கூலன்ட்டும் பேட்டரி தண்ணியும் பாதிக்குப் பாதி. குளிர்ந்த இன்ஜின்ல மூடியைத் திறந்து வச்சு, ஹீட்டர் லீவரைச் சூடு பக்கம் தள்ளி, மேல் ஹோஸ் சுடுற வரைக்கும் ஐடிலிங் விட்டா ஏர் வெளிய வந்துடும். மலைக்குப் போறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்டரை மாட்டி, 0.9 பார் ஏத்தி, 10 நிமிஷம் முள் இறங்குதான்னு பாருங்க.

காட்பாடி ஆம்னி:
நிப்பிள் அசையவே இல்லண்ணா. ஸ்பானர் நிப்பிளோட மூலையை மழிக்குது.

ஆற்காடு லேத்:
ஓப்பன் ஸ்பானரை விடு, ஆறு மூலை சாக்கெட் போடு. மேனிஃபோல்டு மேல துணியைச் சுத்திக் கொதிதண்ணி ஊத்து, நிப்பிள் மேல படாம. அலுமினியம் பித்தளையை விட அதிகமா விரியும், பிடி தளரும். முதல்ல கொஞ்சம் இறுக்குற பக்கம் அசைச்சுட்டு அப்புறம் கழட்டு.