சத்தமில்லாமல் இறங்கு: முழங்கால் சவ்வு பற்றி எங்கள் அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து, வலைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளர்:

பந்தைப் பிடிக்க எழும்பிய பிள்ளை ஒற்றைக் காலில் இறங்கினாள். யாரும் தள்ளவில்லை, பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தது, விழுந்துவிட்டாள். உள்ளே 'டக்' என்று ஏதோ அறுந்ததுபோல் கேட்டதாகப் பிறகு சொன்னாள். நானோ, "எழும்பிக் கொஞ்சம் நடந்து பார் பிள்ளை" என்றேன். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

இருட்டுவதற்குள் முழங்கால் பொம்மென்று வீங்கிவிட்டது. வீட்டில் எண்ணெய் பூசிப் புக்கை கட்டினார்கள். மூன்று கிழமையில் வீக்கம் வற்றியது, நன்றாக நடந்தாள், நாங்களும் சுகம் என்று நம்பினோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இறங்கியவள் திரும்பும்போது, "ரீச்சர், கால் கழன்டு போற மாதிரி இருக்கு" என்று அப்படியே இருந்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது: முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இறுக்கிப் பிடிக்கும் முன் குறுக்குச் சவ்வு (ACL) முதல் நாளே முழுதாக அறுந்திருக்கிறது. இரண்டாம் முறை கால் விலகியதில் உள்ளேயிருக்கும் குருத்தெலும்பு வட்டும் கிழிந்திருக்கிறது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து, அறுந்த சவ்வுக்குப் பதிலாக வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள்.

அடிபட்ட சில மணி நேரத்திலேயே முழங்கால் வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சுளுக்கு என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு அது அன்று தெரியவில்லை.

வலைப்பந்தில் ஆபத்து கூடியதற்கு அதன் விதியே ஒரு காரணம். பந்தோடு இறங்கியவள் ஓட முடியாது, ஊன்றிய காலைத் தூக்கினால் பந்தை விடுவதற்குள் மீண்டும் நிலத்தில் வைக்கக் கூடாது. மூன்று விநாடிக்குள் எறிந்துவிடவும் வேண்டும். அதனால் வேகமாக ஓடிவந்து ஒரே காலில் சடுதியாக நிற்கிறார்கள். அப்படி நிற்கப் பழக்குவதற்கு முன் நான் விதியை மட்டும் பழக்கியிருக்கிறேன்.

முல்லைத்தீவிலிருந்து, முன்னாள் உதைபந்தாட்ட வீரர்:

ரீச்சர், உங்களைக் குறை சொல்லாதீர்கள். எனக்கும் இதே கதைதான். ஆவணியில் எங்கள் மைதானம் காய்ந்து சீமெந்துபோல் இருக்கும். முழு வேகத்தில் வந்து பக்கவாட்டில் வெட்டித் திரும்பினேன், கால் நிலத்தில் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது.

என் பிழை அதற்குப் பிறகு நடந்தது. சத்திரசிகிச்சை முடிந்து ஆறாம் மாதம் வலியுமில்லை, வீக்கமுமில்லை. இறுதிப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள், போனேன். புதிதாக வைத்த நாரும் அறுந்தது. ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பினால் மறுபடி அறுகிற வாய்ப்பு பெரிதும் கூடும் என்று பிறகுதான் அறிந்தேன். மாதக் கணக்கு மட்டும் காணாது. ஒற்றைக் காலால் பாய்ந்து அளக்கும்போது அடிபட்ட கால் மற்றக் காலின் தூரத்தில் 90 வீதமாவது எட்ட வேண்டும். கழகக்காரர் கெஞ்சினாலும் போகாதீர்கள் தம்பிமார்.

வவுனியாவிலிருந்து, பிசியோதெரபிஸ்ட்:

இந்தக் காயங்களில் பெரும்பாலானவை யாரும் மோதாமல் வருபவை. இறங்கும்போதும், திரும்பும்போதும், திடீரென நிற்கும்போதும்தான் சவ்வு அறுகிறது. ஒரே விளையாட்டை ஆடினாலும் ஆண்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது. பருவ வயதில் உயரமும் நிறையும் சட்டென்று கூடும், இடுப்பும் தொடையின் பின்தசையும் அதே வேகத்தில் பலம் பெறாது. முழங்காலை நேராக விறைத்தபடி இறங்குகிற பழக்கமும் சேர்ந்துவிடுகிறது.

கடையில் விற்கும் முழங்கால் உறையை (நீகாட்) மாட்டினால் போதும் என்று பலர் என்னிடம் வருகிறார்கள். அது இந்தச் சவ்வைக் காப்பாற்றும் என்று நம்பி விளையாடாதீர்கள். நின்ற இடத்தில் காலை இழுத்து நீட்டுவது மட்டும் வார்ம்-அப் ஆகாது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் '11+' என்ற பயிற்சித் தொகுப்பில் 15 பயிற்சிகள் உண்டு, 20 நிமிடம்தான். நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் உதைபந்தாட்ட வீராங்கனைகளிடம் செய்த பெரிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. இந்தப் பயிற்சியைச் செய்த குழுவில் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்களவு குறைந்திருந்தன. ஆனால் விட்டுவிட்டுச் செய்தால் பலனில்லை.

கிளிநொச்சி ரீச்சர் மீண்டும்:

நன்றி அக்கா. அதைத்தான் இப்போது செய்கிறோம். ஒஸ்லோவில் இருக்கும் என் அண்ணாவின் மகள் பயிற்சிக்கு முன் ஏதோ செய்வதை வீடியோ அழைப்பில் பார்த்துத்தான் எனக்கு இது தெரியவந்தது. அவள் ஒவ்வொன்றாகச் செய்து காட்ட, நான் கொப்பியில் குச்சி மனிதர்களாக வரைந்தேன்.

முதலில் மெல்லோட்டம், பக்கவாட்டு ஓட்டம். பிறகு ஒரு பிள்ளை முழந்தாளில் நிற்க, இன்னொருத்தி பின்னாலிருந்து கணுக்கால்களை அமுக்கிப் பிடிப்பாள். உடம்பை நேராக வைத்தபடி எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல முன்னால் சாய வேண்டும். முதல் கிழமை எல்லாரும் தொப்பென்று விழுந்தார்கள், தொடை நோகிறது என்று அழுதார்கள். இப்போது பாதி தூரம் தாங்குகிறார்கள். ஒற்றைக் காலில் நின்றபடி பந்தை எறிந்து பிடிப்பதும் உண்டு. இதற்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை, எங்கள் கிரவல் திடலே போதும். கற்களைப் பொறுக்கிக் குழிகளை நிரப்பும் வேலையைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் குதித்தல். முழங்கால் மடிந்திருக்க வேண்டும், பெருவிரல் பக்கம் சரியாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும், இறங்கும் சத்தம் கேட்கக் கூடாது. அதைக் கவனிக்கும் பொறுப்பைச் சத்திரசிகிச்சை செய்த அந்தப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்து அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். கோட்டுக்கு வெளியே கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "கேட்டுது, திரும்பக் குதி" என்பாள். சின்னப் பிள்ளைகள் என்னைவிட அவளுக்குத்தான் பயம்.