கழுத்து திரும்பாத உடை சண்டைக்கு ஆகுமா? பேட்மேன் ரசிகர்களின் வழக்கு

கத்தரிக்கோல்:
'பழைய ரீல்' அவர்கள் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1989இல் டிம் பர்ட்டன் இயக்கிய பேட்மேன் படத்தில் மைக்கேல் கீட்டன் அணிந்த கறுப்பு உடைதான் இதுவரை வந்தவற்றிலேயே தலைசிறந்தது என்கிறார். அழகில் தலைசிறந்தது என்று நிறுத்தியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். "சண்டைக்கும் அதைவிடப் பொருத்தமான உடை கிடையாது" என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த உடையில் முகமூடி தனியாக இல்லை. தலையை மூடும் ரப்பர் கழுத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோள்வரை இறங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டவர் இடப்பக்கம் யார் வருகிறார் என்று பார்க்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். நாலு பேர் சூழ்ந்து நின்று அடிக்க வரும்போது கழுத்தைத் திருப்ப முடியாதவர் எப்படிப் பிழைப்பார்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பழைய ரீல்:
சொல்கிறேன், கேளுங்கள். 1966ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரில் ஆடம் வெஸ்ட் உடுத்திய சாம்பல் நிறத் துணியும் நீல மேலங்கியும்தான் அதுவரை பெரும்பாலான மக்கள் அறிந்த பேட்மேன். அதில் கழுத்து நன்றாகவே திரும்பியது. ஆனால் பார்த்தவர் எவராவது பயந்தார்களா? கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோது, நகைச்சுவைப் படங்களில் நடித்தவருக்கு இந்த வேடமா என்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். அவர் மலைபோன்ற உடம்புக்காரரும் அல்லர். அப்படிப்பட்டவரை இருட்டிலிருந்து எழுந்துவரும் பூதமாக மாற்றியது பாப் ரிங்வுட் வடிவமைத்த அந்த உடைதான். படத்தின் தொடக்கத்தில் மொட்டைமாடியில் இரண்டு திருடர்கள் கொள்ளையடித்த பணத்தோடு உட்கார்ந்திருக்க, பின்னால் மேலங்கியை விரித்தபடி அவர் இறங்குவாரே, அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒருவன் சுடுகிறான், அவர் விழுகிறார், மறுபடியும் எழுந்து வருகிறார். துப்பாக்கிக் குண்டையே தாங்கிய உடை சண்டைக்குப் பொருந்தாது என்று நீங்கள் சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தலையை மட்டும் திருப்பாமல் தோளோடு சேர்ந்து திரும்பும் அந்த அசைவில்தான் கம்பீரமே இருக்கிறது.

கத்தரிக்கோல்:
குண்டைத் தாங்கியது மார்பு. நான் கேட்டது கழுத்தைப் பற்றி. அந்தக் கம்பீரமும் திட்டமிட்டு வந்ததில்லை. படப்பிடிப்பில் யாரோ பேசியதற்கு வழக்கம்போலத் தலையைத் திருப்பியதும் ரப்பர் கிழிந்து பெரிய ஓட்டை விழுந்துவிட்டது என்றும், அதற்குப் பிறகுதான் உடம்போடு திரும்புவது என்று முடிவெடுத்ததாகவும் கீட்டனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நடிகர் தம் சாமர்த்தியத்தால் சமாளித்ததை வடிவமைப்பின் பெருமையாக எழுதாதீர்கள். நான் மேடை நாடகங்களுக்கு உடை தைப்பவன். கையைத் தூக்கினால் அக்குளில் பிரியும் சட்டையைக் கொடுத்துவிட்டு, கையைத் தூக்காமல் நிற்பதுதான் ராஜகளை என்று நான் சொன்னால், நடிகர் அதை என் முகத்தில் வீசியெறிவார்.

மூன்றாம் வரிசை:
இருவரும் 1989லேயே நின்றுவிட்டீர்கள். நடைமுறைக்கு ஏற்ற உடை என்றால் அது கிறிஸ்டோபர் நோலன் படங்களில் லிண்டி ஹெமிங் உருவாக்கியதுதான். 2005இல் வந்த பேட்மேன் பிகின்ஸ் படத்தில், அந்த உடை எங்கிருந்து வந்தது என்பதற்கே கதையில் விடை இருக்கிறது. ராணுவத்துக்காகச் செய்யப்பட்டு, ஒரு வீரனின் உயிருக்கு 3 லட்சம் டாலர் செலவழிக்க மனம் வராமல் கிடங்கில் போடப்பட்ட கவசம் அது. முகமூடிகளை யாருக்கும் சந்தேகம் வராதபடி பத்தாயிரம் கணக்கில் மொத்தமாக வரவழைக்கிறார்கள். முதலில் வந்த சரக்கில் கிராஃபைட் சரியில்லாமல் ஓர் அடியிலேயே நொறுங்கிவிடுகிறது. உடை என்பது ஒரே நாளில் கச்சிதமாக அமைவதில்லை, சோதித்துச் சோதித்துத்தான் அமையும் என்று வேறு எந்த நாயகன் படத்தில் இவ்வளவு பொறுமையாகக் காட்டினார்கள்?

கத்தரிக்கோல்:
நல்ல செய்திதான், தம்பி. ஆனால் 2005ஆம் ஆண்டு உடையிலும் கழுத்து திரும்பாது. கிறிஸ்டியன் பேல் அந்தப் படம் முழுவதும் கண்ணை ஓரத்துக்குத் தள்ளித்தான் பார்க்கிறார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மூன்றாம் வரிசை:
விட்டுவிடவில்லை, அதற்குத்தான் வருகிறேன். 2008இல் வந்த டார்க் நைட்டில் பேட்மேனாக வேடமிடும் புரூஸ் வேய்ன், தமக்குக் கருவிகளும் கவசமும் செய்துதரும் லூசியஸ் ஃபாக்ஸிடம் நேராகப் போய்ப் புதிய உடை கேட்கிறார். தலையைத் திருப்ப முடிய வேண்டும் என்கிறீர்கள் என்று லூசியஸ் சொல்ல, காரைப் பின்னால் எடுக்கவும் வசதியாக இருக்கும் என்று புரூஸ் கிண்டலாகச் சொல்வதற்குத் திரையரங்கே சிரித்தது. அந்தப் புதிய உடையை 110 தனித்தனித் துண்டுகளாகச் செய்து வலைத்துணியின் மேல் பொருத்தினார்கள். முகமூடியை மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போலக் கழுத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். உங்கள் கேள்விக்கு 2008லேயே பதில் வந்துவிட்டது. நீங்கள்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய ரீல்:
தம்பி பாதிக் கதையைத்தான் சொன்னார், மீதியை நான் சொல்கிறேன். தகடுகள் பிரிந்து இருப்பதால் இடைவெளியில் கத்தியும் குண்டும் நுழையக்கூடும் என்று அதே லூசியஸ் அதே படத்தில் பிறகு வரும் காட்சியில் எச்சரிக்கிறார். அதாவது, கழுத்தைத் திருப்புவதற்காக விலாவைத் திறந்துவிட்டார்கள். என் கீட்டனுக்கு இந்த எச்சரிக்கையை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கத்தரிக்கோல்:
ரீல் ஐயா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். இடைவெளி இருப்பது ஓர் ஆபத்து. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கத்தி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க முடிந்தவன் ஒதுங்கிக்கொள்வான். பார்க்கவே முடியாதவனுக்கு எத்தனை அங்குலக் கனத்தில் கவசம் போட்டு என்ன பயன்? இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். கழுத்து திரும்பவில்லை என்ற குறையைக் கதாநாயகனின் வாயாலேயே சொல்ல வைத்துப் படமெடுக்கும் அளவுக்கு அது வெளிப்படையான குறை. என் தரப்புச் சாட்சியாக வந்து நிற்பவர் பேட்மேனே.

நள்ளிரவுக் காட்சி:
ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டு பேசினால் நல்லது. யாருக்கு வசதியான உடை என்று கேட்கிறோம்? படப்பிடிப்பில் மணிக்கணக்கில் அதற்குள் வியர்த்துக்கொண்டு நிற்கும் நடிகருக்கா, கதைக்குள் கூரைவிட்டுக் கூரை தாவும் புரூஸ் வேய்னுக்கா? வால் கில்மர் 1995இல் வந்த பேட்மேன் ஃபாரெவர் படத்தில் தாம் அணிந்த உடையைப் பற்றிச் சொல்லும்போது, அதற்குள் இருந்தால் காதும் சரியாகக் கேட்காது, சிறிது நேரத்தில் யாரும் நம்மிடம் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள் என்று வருந்தியிருக்கிறார். அது நடிகரின் துன்பம். கதைக்குள் இருப்பவருக்கு அந்தத் துன்பம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

பழைய ரீல்:
1995 என்று ஏன் எடுத்தீர்கள்? மார்பில் காம்பு வைத்த உடையை இந்த விவாதத்துக்குள் கொண்டுவந்து கீட்டனோடு ஒன்றாக நிறுத்துவது அநியாயம்.

நள்ளிரவுக் காட்சி:
நான் ஒன்றாக நிறுத்தவில்லை. கேள்வியைத்தான் பிரித்துக் காட்டினேன்.

மூன்றாம் வரிசை:
காம்பு வைத்ததில் அந்தப் படத்தின் இயக்குநர் ஜோயல் ஷூமாக்கருக்குக் கிரேக்கச் சிலைகள் முன்மாதிரி. பிடிக்காமல் போகலாம், ஆனால் அதற்கும் ஒரு கலை மரபு உண்டு. சூப்பர்மேனின் சிவப்பு ஜட்டியைப் பற்றிய சண்டையிலும் ரீல் ஐயா இப்படித்தான் பழையதைத் தவிர மற்றதெல்லாம் குப்பை என்றார்.

பழைய ரீல்:
அந்தச் சண்டையை நினைவூட்டியதற்கு நன்றி. 2013இல் மேன் ஆஃப் ஸ்டீல் அந்த ஜட்டியை எடுத்தபோது, இனி அது திரும்பவே வராது, காலத்துக்கு ஒவ்வாது என்று இங்கே எழுதியவர் நீங்கள். 2025இல் ஜேம்ஸ் கன்னின் சூப்பர்மேன் அதை மறுபடியும் அணிந்து வந்தார். அன்றைக்கு உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பழையதற்கு உள்ள உயிர் அது.

மூன்றாம் வரிசை:
நான் எழுதியது காலத்துக்கு ஒவ்வாது என்று மட்டுமே. திரும்ப வராது என்று எழுதவில்லை. எழுதாததை என் தலையில் கட்டாதீர்கள்.

கத்தரிக்கோல்:
ஜட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கழுத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

விசைக்கணக்கு:
கழுத்தையே எல்லோரும் பிடித்துக்கொண்டு மேலங்கியை மறந்துவிட்டீர்களே என்பதற்காக எழுதுகிறேன். பேட்மேன் பிகின்ஸில் மின்சாரம் பாய்ந்ததும் விறைத்துச் சிறகாகும் துணியை லெஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் நால்வர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2012இல் அது செய்தியாக வந்தது. 150 மீட்டர் உயரக் கட்டடத்திலிருந்து குதித்தால் அந்த மேலங்கி சுமார் 350 மீட்டர் தூரம் மிதக்கவிடும். ஆனால் தரையில் இறங்கும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் இருக்கும் என்பது அவர்களின் முடிவு. அந்த வேகத்தில் தரையில் மோதுபவருக்குக் கழுத்து திரும்பினால் என்ன, திரும்பாவிட்டால் என்ன?

மூன்றாம் வரிசை:
கிராப்பிளிங் துப்பாக்கியையும் கயிற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்களா? இறங்குவதற்கு முன் கயிற்றைக் கொக்கி போட்டு வேகத்தைக் குறைப்பதைப் படங்களில் நாம் பார்க்கவில்லையா?

விசைக்கணக்கு:
மிதப்பதை மட்டுமே அவர்கள் ஆராய்ந்தார்கள். பாராசூட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர்களே யோசனை சொன்னார்கள்.

கத்தரிக்கோல்:
மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சண்டை போடலாம். கழுத்தைக் கழற்றி வைக்க முடியாது. அதனால்தான் நான் கழுத்திலேயே நிற்கிறேன். இன்னொரு வகையிலும் பாருங்கள். பெரிய படங்களில் உடை வடிவமைத்தவர்கள் அத்தனை பேரும் 2008க்குப் பிறகு தலை திரும்பும் பக்கமாகத்தான் வந்திருக்கிறார்கள். 2016இல் மைக்கேல் வில்கின்சன் பென் அஃப்லெக்குக்குச் செய்த உடையில் துணிபோலத் தோன்றும் முகமூடி கழுத்தோடு சேர்ந்தே இருந்தாலும் தலையோடு வளைந்து திரும்பும். 2022இல் ராபர்ட் பாட்டின்சன் அணிந்த முகமூடி தோலை வெட்டித் தைத்ததுபோலத் தையல் தெரிய இருக்கும்; கழுத்தைச் சுற்றி உயர்ந்த பட்டி இருந்தும் தலை தாராளமாக அசைகிறது. ஒரு தையற்காரனாக அந்தத் தையல் கோட்டை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நெற்றியின் நடுவிலிருந்து மூக்குவரை இறங்கும் அந்தக் கோடு, வீட்டில் உட்கார்ந்து ஒருவன் தானே செய்துகொண்டான் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது.

நள்ளிரவுக் காட்சி:
அதே படத்தில் முகமூடியைக் கழற்றியதும் கண்ணைச் சுற்றிப் பூசிய கறுப்பு மை வியர்வையில் வழிந்து அப்படியே இருக்கும். 1992ஆம் ஆண்டு பேட்மேன் ரிட்டர்ன்ஸில், பூனைப் பெண் முன்னால் கீட்டன் முகமூடியைக் கிழித்தெறியும்போது அந்த மை திடீரென்று காணாமல் போயிருக்கும். உடையைப் பற்றிய நேர்மை என்றால் நான் 2022ஆம் ஆண்டுப் படத்தைத்தான் காட்டுவேன்.

பழைய ரீல்:
இப்போது மைக்கு வந்துவிட்டீர்கள். அந்தக் காட்சியில் எத்தனை பேர் மையைத் தேடினார்கள்? ஒரு மனிதன் தன் முகத்தைக் காட்டுவதற்காகத் தன் வேடத்தையே கையால் கிழிக்கிறான். தலைக்கு மேல் மாட்டிக் கழற்றும் ஹெல்மெட்டாக இருந்தால் அந்தக் கிழிப்புக்கு இடமே இல்லை. தோளோடு ஒட்டிய ரப்பர் என்பதால்தான் அது தோலை உரிப்பதுபோல வலிக்கிறது. நீங்கள் குறை என்று சொல்லும் அதே கழுத்து இல்லாவிட்டால் அந்தக் காட்சியே இல்லை.

கத்தரிக்கோல்:
காட்சி அருமையானது, நான் அதற்குக் கண் கலங்கியவன்தான். ஆனால் நீங்கள் எழுதியது "சண்டைக்குப் பொருத்தமான உடை" என்று. கிழிப்பதற்குப் பொருத்தமான உடை என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்காமல், நாலு பேர் நாலு பக்கமும் நிற்கும்போது அவர் வலப்பக்கம் எப்படிப் பார்ப்பார் என்று சொல்லுங்கள்.

பழைய ரீல்:
பார்க்கத் தேவையில்லை. அவரைப் பார்த்ததுமே நாலு பேரும் ஓடிவிடுவார்கள். அந்த உடையின் வேலையே அதுதான்.

மூன்றாம் வரிசை:
ஓடாத ஐந்தாவது ஆள் வந்தால்?

பழைய ரீல்:
1989இல் தேவாலயக் கோபுரத்தின் மேல் அப்படியும் ஒருவன் வந்தான். அவனையும் அதே உடையில்தான் வீழ்த்தினார்.

கத்தரிக்கோல்:
அந்தக் கோபுரச் சண்டையை இப்போதே போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த ஆள் எங்கிருந்து வந்து அடிக்கிறான், அதை அவர் எப்போது பார்க்கிறார் என்று ஒவ்வோர் அடியாகக் குறித்து இங்கேயே எழுதுகிறேன். அதுவரை "சண்டைக்குப் பொருத்தமான உடை" என்ற வரியை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்வதே முறை.

பழைய ரீல்:
எழுதுங்கள். அந்த வரியில் ஓர் எழுத்தைக்கூட நான் எடுக்கப்போவதில்லை.