கோடை விடுமுறைக்கு முன் மாணவர்களுக்கு நீர்நிலைப் பாதுகாப்பு: எதைச் சொல்லித் தருவது?

கொள்ளிடக்கரை ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். கொள்ளிடக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் பிள்ளைகள் ஆற்றிலும் தோட்டத்துக் கிணறுகளிலும்தான் பொழுதைக் கழிப்பார்கள். 'தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள்' என்று இறைவணக்கக் கூட்டத்தில் ஆண்டுதோறும் சொல்கிறோம். அதைக் கேட்டு ஒருவரும் நின்றதாகத் தெரியவில்லை. பாதிப் பேருக்கு நீச்சல் தெரியும் என்பதால் இது வேண்டாத பேச்சாகவே அவர்களுக்குப் படுகிறது. கடைசி வாரத்தில் ஒரு பாடவேளை கிடைத்திருக்கிறது. எதைச் சொன்னால் பயன்படும்?

ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்:
ஐயா, நீச்சல் தெரிந்தவர்களிடமிருந்தே தொடங்குங்கள். கிணற்றில் பழகியவனுக்கு அசையாத தண்ணீர் மட்டுமே பழக்கம். ஆற்றில் மணல் அள்ளிய இடத்தில், முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து போகிறவன் அடுத்த அடியிலேயே ஆளை மூழ்கடிக்கும் பள்ளத்தில் இறங்கிவிடக்கூடும். விளிம்பைப் பிடித்து ஏற முயன்றால் மணல் சரிந்துகொண்டே வரும். மேட்டூரிலிருந்து உபரிநீர் வந்தால் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்பதால், உங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லாதபோதும் ஆறு ஏறும். கைவிடப்பட்ட கல்குவாரியோ இன்னும் மோசம்: சுற்றிலும் செங்குத்தான பாறை, கை ஓய்ந்தால் பிடித்துக்கொள்ளப் படி கிடையாது.

ஒரே இடத்தில் இரண்டு மூன்று உயிர்கள் போவதற்குப் பெரும்பாலும் காரணம், விழுந்தவனைக் காப்பாற்ற மற்றவர்கள் குதிப்பதுதான். மூழ்குகிறவன் கைக்கு அகப்பட்டவரைக் கட்டிக்கொள்வான். அந்தப் பிடியில் நன்றாக நீந்துகிறவரும் சேர்ந்தே மூழ்குவார். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நால்வர் மூழ்கியபோது, அங்கிருந்த பெண்கள் மூவர் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரையேற்றினார்கள். அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கிடைத்தது. இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லிவிட்டு மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐந்து லிட்டர் கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு (வெறும் கேன் காற்றில் திசைமாறிப் போகும்) இறுக மூடி, கைப்பிடியில் தாம்புக்கயிற்றைக் கட்டி, தொலைவில் உட்கார்ந்திருக்கும் மாணவனின் தலைக்கு மேல் தாண்டி விழும்படி வீசச் செய்யுங்கள். கயிறு அவன் தோள்மேல் விழ வேண்டும். இழுக்கிறவர் குப்புறப் படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும். நின்றால் அவரும் உள்ளே போவார்.

இரு பெண்களின் தாய்:
மாணவிகளை விட்டுவிடாதீர்கள். பையன்கள் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டிக்கொண்டு எப்படியும் பழகிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளைக் கொஞ்சம் வளர்ந்ததும் கிணற்றுப் பக்கமே விடுவதில்லை. ஆனால் துணி துவைக்கவும், ஆடிப்பெருக்கன்று முளைப்பாரி கரைக்கவும் தண்ணீரில் இறங்குகிறவர்கள் அவர்கள்தான். மூழ்குகிறவர் பெரும்பாலும் கூச்சலிடமாட்டார் என்பதையும் சொல்லுங்கள். வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வரும்போது மூச்சு விடவே நேரம் போதாது. கை தூக்கி அழைக்கவும் முடியாது. தலை பின்னால் சாய்ந்து, இரு கைகளும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்குவதைக் கரையிலிருப்பவர்கள் விளையாட்டென்று நினைத்துவிடுவார்கள்.

செவிலியர்:
கரையேற்றிய பிறகு நடப்பதையும் சேர்க்க வேண்டும். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. இதனால் நேரம் வீணாவதோடு, வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகவும் கூடும். மல்லாத்திக் கிடத்தி, மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கை மூடிக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊத வேண்டும். அசைவில்லை என்றால் 30 முறை நெஞ்சை அழுத்துவதும் 2 முறை ஊதுவதுமாகத் தொடர வேண்டும். இன்னொருவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். இதை வாயால் விளக்கினால் நிற்காது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சிப் பொம்மை இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒரு பாடவேளை இதற்குப் போதாது, முடிந்தால் இரண்டாகக் கேட்டு வாங்குங்கள்.