மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர்: இக்னிஷன் காயிலை நானே மாற்றலாமா?

கேள்வி:
வணக்கம். எங்களுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றின் மீதும், அதற்கு மின்சாரம் தரும் தனித்தனிக் காயில் அமர்ந்திருக்கும் வகை. ஒரு வாரமாக மேடு ஏறும்போது வண்டி உதறுகிறது, ஸ்கேனரில் பி0303 (மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமை) என்ற குறியீடு வருகிறது. இன்ஜின் ஓடும்போதே காயில்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால் பழுதானது தெரிந்துவிடும் என்றும், எப்படியானாலும் நான்கையும் மாற்றுவதே நல்லது என்றும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். எனக்கு இரண்டிலுமே தயக்கம்.

மறுமொழி 1:
தயக்கம் நியாயமானது. பேட்டரியின் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துவதே காயிலின் வேலை என்பதால், ஓடும் இன்ஜினில் அதைக் கையால் உருவுவது வேண்டாத விபரீதம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் நிற்கவே கூடாது. அத்துடன், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே சென்று புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள்.

பி0303 என்பது மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே சொல்கிறது. குற்றவாளி காயிலா, பிளக்கா, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரா என்று சொல்வதில்லை. இன்ஜினை அணைத்து, மூன்றாவது காயிலை ஒன்றாவதன் இடத்திலும் ஒன்றாவதை மூன்றாவதன் இடத்திலும் மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். பி0301 என்று மாறினால் காயில்தான்.

மறுமொழி 2:
செய்முறையில் சில சொல்கிறேன். இன்ஜின் நன்றாக ஆறட்டும். சிலிண்டர்களின் மேற்பகுதியான அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது அதில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடும், அந்தச் செலவுக்கு முன் காயில் விலை ஒன்றுமே இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கனெக்டரின் பூட்டு வெயிலிலும் சூட்டிலும் மொறமொறவென்று ஆகியிருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், விரலால் அழுத்தி விடுவியுங்கள். போல்ட்டை எடுத்தபின் காயிலை நேராக இழுக்காமல், முதலில் இடமும் வலமுமாகச் சற்றுத் திருப்பினால் ரப்பர் உறை கிழியாமல் வரும். பிளக்கைக் கழற்றுமுன் அது அமர்ந்திருக்கும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள், இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். குழியில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. இடம் மாற்றி ஓட்டியதும் பி0301 வந்தது. மூன்றாவது குழியில் ஆயில் இருந்தது. அந்தக் காயிலின் ரப்பர் உறை ஊறிப் பருத்திருந்தது.

மறுமொழி 2:
அப்படியானால் இன்ஜினின் மேல்மூடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வ் கவர் கேஸ்கெட்டையும் பிளக் குழியின் சீல்களையும் முதலில் மாற்றுங்கள். கசிவை விட்டுவிட்டுப் புதுக் காயில் போட்டால் அதுவும் ஊறிப்போகும். காயில் ஒன்று போதும். ஆனால் பிளக்குகள் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் நான்கையும் மாற்றுங்கள், ஏனெனில் அகன்ற இடைவெளியைத் தாண்ட காயில் கூடுதல் மின்னழுத்தத்தில் உழைக்க வேண்டியிருக்கும். உறையின் உள்விளிம்பில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவி, போல்ட்டைக் கையால் மரையில் ஏற்றியபின் கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.