காட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு மன்னிப்பு: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

சிப்புட் தோட்டத்துப் பேரன்:
எங்கள் பெரிய தாத்தா, 1955 செப்டம்பரில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானின் அரசாங்கம் காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தபின், சரணடையச் சொல்லி விமானத்திலிருந்து போட்ட துண்டுச்சீட்டோடு காட்டைவிட்டு வெளியே வந்தவர். அந்தப் போராளிகளை ஒடுக்க 1948இல் ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது 1989 டிசம்பரில் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்ட ஹட்யாய் ஒப்பந்தச் செய்தியைச் சுங்கை சிப்புட் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது, தாத்தா என் கையைப் பிடித்தபடி உள்ளே போனார். மூலை மேசையில் இருந்தவரின் தகப்பனார் எங்கள் தோட்டத்துக் கங்காணி. காட்டிலிருந்தவர்கள் அவரைப் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்திலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். எங்களைக் கண்டதும் அந்த மகன் பாதி குடித்த கிளாஸை வைத்துவிட்டு, தம் தேநீருக்கும் தாத்தாவின் தேநீருக்குமாகச் சில்லறையை எண்ணி வைத்து, முகம் பாராமலே வெளியேறினார். தாத்தா அந்தத் தேநீரைத் தொடவில்லை. ஏடு படிந்து ஆறிப்போன அந்தக் கிளாஸ் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அது மன்னிப்பா, வெறுப்பா என்று கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை.

ராவாங் பேத்தி:
உங்கள் தாத்தாவுக்காவது ஒரு சீட்டு கிடைத்தது. ஆயுதம் வைத்திருந்தாலே மரணதண்டனை என்று 1948இலேயே சட்டம் வந்துவிட்டது; அதன்படிதான் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். செய்தி தெரிந்த அன்று எங்கள் பாட்டி அடுப்பே பற்றவைக்காமல், ரப்பர்ப் பால்வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாராம். பிடிபட்டவனுக்குக் கயிறு, சரணடைந்தவனுக்கு வீடு என்பதை நான் நீதியென்று ஏற்கமாட்டேன்.

வேலிக்காவலர் மகன்:
ராவாங் சகோதரி சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைக் கொன்றதோடு அது நிற்கவில்லை. நம் ஆட்களும் செத்தார்கள். பாலிங் பள்ளிக்கூடத்தில் 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் பேசியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் தம் கட்சிக்கு அங்கீகாரம் கேட்டார், துங்கு கட்சியைக் கலைக்கச் சொன்னார். பேச்சு முறிந்து, 1956 பிப்ரவரி 8 அன்று மன்னிப்பும் மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்த ஐந்து மாதத்தில் வந்த ஒருவரை, ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்த என் அப்பா கம்பிவேலிக் கதவில் சோதித்தார். மடியில் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்குதான் இருந்ததாம்.

தம்பி, அந்தச் சீட்டு உங்களிடம் இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் டேப் ஒட்டாதீர்கள். இரண்டு பருத்தித் தாள்களுக்கு நடுவே, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பிறகு, கங்காணி வீட்டாரை நேரில் போய்ப் பாருங்கள். தாத்தா எந்தக் கூட்டத்தில் இருந்தார், எப்போது வெளியே வந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்துப் பேச்சுக் கொடுத்தால் அது அவர்களுக்கு இரண்டாவது காயம். பெரியவர்கள் பேசினால் அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள், நடுவில் தாத்தாவுக்காக வாதாடாதீர்கள்.

சிப்புட் தோட்டத்துப் பேரன்:
சீட்டு எங்களிடம் இல்லை ஐயா. தாத்தாவின் சட்டைப்பையில் வைத்தே அடக்கம் செய்தோம். அந்தக் குடும்பம் இன்னும் பட்டணத்தில்தான் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.