'இடுப்புத் தளம்' வேண்டாம், 'ஏணைத்தசை' எனலாமா?

ஐயா, வணக்கம்.

pelvic floor muscle என்பதற்கு நீங்கள் முன்வைத்த 'இடுப்புத் தளத் தசை' என்ற சொல்லைப் பல வருஷம் நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். குடியாத்தம் பக்கம், பிள்ளை பெற்ற பெண்களுக்கு இயன்முறைப் பயிற்சி தருகிறேன். போன மாதம் பீடி சுற்றும் பெண் ஒருவர் வந்தார். இரண்டாவது குழந்தைக்கு மூன்று மாதம். தும்மினாலே சிறுநீர் கசிகிறது. "இடுப்புத் தளத்தை இறுக்கும்மா" என்றேன். முந்தானையை இழுத்துச் செருகி, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அவர்மேல் தப்பே இல்லை. நம் ஊரில் இடுப்பு என்றால் குடம் வைக்கிற இடம். தளம் என்றால் சிமென்ட் போட்டது. மூச்சைப் பிடித்து முக்கினால் அழுத்தமெல்லாம் கீழே இறங்கி, தளர்ந்த தசையை இன்னும் தள்ளும். சொல் தப்பினால் பயிற்சியே தலைகீழாகிவிடுகிறது.

அந்தத் தசை முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தொங்கலாக இருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியில் நின்று தாங்குவது அதுதான். விட்டத்தில் பழம்புடவை கட்டிப் பிள்ளையைப் போடுகிறோமே, அந்த ஏணைதான் இது! மாதம் ஏற ஏறப் பாரம் கூடுகிறது. கர்ப்பகாலச் சுரப்புகள் கட்டுகளை நெகிழ்த்துகின்றன. தலை வெளிவரும்போது தசையின் உட்பகுதி ஏறக்குறைய மூன்று மடங்கு இழுபடுகிறது. சிலருக்குக் கிழிந்தும் போகிறது. "ஆபரேஷன் பண்ணித்தானே பிள்ளையை எடுத்தாங்க, எனக்கு ஏன் கசியுது?" என்று கேட்பவர்களிடம், "ஒன்பது மாசம் ஏணை சுமந்துச்சே" என்றால் போதும்.

ஆகவே ஏணைத்தசை. ஏணைத்தசைத் தளர்ச்சி, ஏணைத்தசைக் கிழிவு, ஏணைத்தசைப் பயிற்சி என்று ஒட்டுகளும் தடையில்லாமல் வருகின்றன. இந்தத் தசையை இறுக்கிப் பழக மருத்துவர் கீகல் 1948இல் எழுதிய பயிற்சிக்கு அவர் பெயரே வழங்குகிறது. அந்தப் பெயரில் செய்முறை எதுவும் தெரிவதில்லை. கர்ப்பப்பை கீழே இறங்கிவிடுவதைச் சொல்லும் 'அடியிறக்கம்' மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல். அதைத் தொட வேண்டாம்.

தொங்கும் துணி தானாக இறுகாதே என்று கேட்கலாம். அதற்குத்தான் 'தசை' சேர்ந்திருக்கிறது. அந்தப் பெண்ணிடமே மறுபடி, "காத்தை அடக்கற மாதிரி ஏணையை மேல தூக்கும்மா, மூச்சை மட்டும் அடக்காதே" என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்.

ஏணை ஈழத்திலும் வழங்குகிறது. தெற்கே தூளி என்பீர்கள். மதுரை, நெல்லைக்காரர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'ஏணை' என்று சொல்லிப் பார்த்து எழுதுங்கள். புரியவில்லை என்றால் தூளித்தசை என்றே வைக்கலாம், எனக்குச் சம்மதம்.