வயிற்றில் பேண்ட் போட்ட பிறகு சோறு: பட்டவர்கள் எழுதுங்கள்

பாதி இட்லி (ஈரோடு)

எடை குறைக்க வயிற்றில் பேண்ட் என்ற வளையம் போட்டு ஆறு வாரம் ஆகிறது, சோறு எப்போது சாப்பிடலாம் என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். ஒரு வரியில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

எனக்கு 2012 ஜனவரியில் கோவையில் போட்டார்கள். அப்போது 112 கிலோ, உயரம் 158 செ.மீ., வயது 41, கூடவே சர்க்கரை. இப்போதெல்லாம் பேண்டை அதிகம் பேர் போட்டுக்கொள்வதில்லை, வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அல்லது வயிற்றைச் சிறிதாக்கிக் குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ்தான். அன்றைக்கு என்னை இழுத்தது, குடலையோ வயிற்றையோ வெட்டுவதில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்ற பேச்சு. வயிற்றின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு சிலிக்கான் வளையம். அதற்கு மேலே குட்டிப் பை ஒன்று உண்டாகும், நாலைந்து ஸ்பூன் பிடித்தால் அதிகம். வளையத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் போர்ட் என்று ஒரு பொத்தானில் முடியும். அதில் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

ஆபரேஷன் வலியைவிட இடது தோள்பட்டை வலிதான் என்னைப் படுத்தியது. வயிற்றில் கை வைத்தவர்கள் தோளை என்ன செய்தார்கள் என்று நர்ஸிடம் சண்டை போட்டேன். உள்ளே கேமரா விடுவதற்காக வயிற்றை வாயுவால் உப்ப வைக்கிறார்கள், மிச்சம் நிற்கும் வாயு உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். நடங்கள் என்றார். வராண்டாவில் அன்று நான் நடந்த நடைக்குப் பழனிக்கே போயிருக்கலாம்.

முதல் இரண்டு வாரம் தண்ணீராக மட்டும். வடிகட்டின ரசம், மோர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர். அப்புறம் இரண்டு வாரம் மிக்ஸியில் அடித்தது. என் மகளுக்கு முதன்முதலில் சோறு ஊட்டிய வெள்ளிக் கிண்ணத்தை மாமியார் பரணிலிருந்து எடுத்துத் தேய்த்துக் கொடுத்தார். பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் எதிரே உட்கார்ந்து தோசை தின்ன, நான் அவளுடைய கிண்ணத்தில் அவளுடைய ஸ்பூனால் பருப்பு நக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் பசி திரும்பியது. இதை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஆபரேஷனில் வளையத்தை எனக்குக் காலியாகத்தான் வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் பசிக்காததற்குக் காரணம் உள்ளே இருந்த வீக்கம். அது வடிந்ததும் ஒன்றரை இட்லி நாலு இட்லி ஆனது. இவ்வளவு பணம் கொட்டி ஏமாந்துவிட்டோம் என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆறாவது வாரம் முதல் ஃபில், அதாவது வளையத்துக்கு உப்புநீர் ஏற்றுவது. படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார் டாக்டர். வயிறு இறுகும்போது போர்ட் விரலுக்குத் தட்டுப்படும். எறும்பு கடித்த மாதிரி ஒரு ஊசி, 3 மில்லி. எழுந்து நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். இறங்கியது. சரி, கிளம்புங்கள் என்றுவிட்டார்.

இன்னும் இரண்டு ஃபில் போட்ட பிறகு பெருந்துறையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நாலு மணிக்கே எழுந்து, காபிகூடக் குடிக்காமல் போய், முகூர்த்தம் முடிந்ததும் நேரே பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் பேண்ட் இறுக்கமாக இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பொங்கல் ஒரு வாய், வடையில் ஒரு விள்ளல், அதுவும் பேசிக்கொண்டே. நெஞ்சுக்குழியில் கோலிக்குண்டு உட்கார்ந்த மாதிரி ஒரு கனம். வலது மூக்கு ஒழுகியது. ஒரே ஒரு விக்கல்.

பக்கத்தில் பெரியம்மா. நம் வீடுகளில் விக்கினால் என்ன செய்வோம்? உச்சந்தலையில் தட்டி, "தண்ணி குடி சாமி" என்று டம்ளரை வாயருகே கொண்டுவந்தார். நானும் பழக்கத்தில் குடித்தேன். தண்ணீர் இறங்க வழி ஏது? அடைத்த பொங்கலுக்கு மேலே போய் நின்றுகொண்டது. அடுத்த நிமிடம் வாயெல்லாம் எச்சில் ஊறி, நுரைநுரையாக வர ஆரம்பித்தது. கை கழுவும் இடத்துக்கு ஓடினேன். வந்தது வழக்கமான வாந்தி இல்லை. புளிப்பு இல்லை, கசப்பு இல்லை. பொங்கல் போன மாதிரியே, மிளகு தனியாகத் தெரிய, திரும்பி வந்தது. வயிற்றுக்குள்ளேயே போகாதது எப்படிப் புளிக்கும்?

ஒரு சித்தப்பா வாயுக்கோளாறாக இருக்கும் என்று கோலி சோடாவை உடைத்துக்கொண்டு வந்தார். கும்பிட்டு மறுத்தேன். இன்னொரு அத்தை என் வீட்டுக்காரரைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போய், "நாள் தள்ளியிருக்கா தம்பி?" என்று கேட்டாராம். காரில் திரும்பும்போது அவர் சிரித்த சிரிப்பில் இரண்டு முறை ஓரம் கட்டவேண்டியிருந்தது.

அன்று முழுக்க எனக்கு மோர்தான். ஒருமுறை அடைத்தால் அந்த இடம் வீங்கிவிடும், வீக்கத்தின் மேல் மறுபடி சாப்பிட்டால் மறுபடி அடைக்கும். ஒரு நாள் தண்ணீராக்கிவிட வேண்டும்.

இப்போது எனக்கு விக்கல் என்றால் கையை எடு என்று அர்த்தம். மூக்கு ஒழுகினாலும் அதே. சிலருக்குத் தும்மல், சிலருக்கு ஒரு பெருமூச்சு. அந்த அடையாளத்துக்குப் பிறகு ஒரே ஒரு வாய் வைத்தாலும் கை கழுவும் இடம்தான்.

எது இறங்கும், எது இறங்காது என்பதில் நான் நினைத்தது பாதிக்குமேல் தப்பு. மெத்தென்ற இட்லி சுலபம் என்று நினைத்தேன், அது உள்ளே போய்ப் பிசைந்த மாவாகிவிடுகிறது. முறுகலான தோசை துகளாகிப் போய்விடும், ஊத்தப்பம் போகாது. பரோட்டாவை நான் மறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வாழைத்தண்டு, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் நார், நாராகவே நிற்கும். கோழியில் நெஞ்சுக்கறி கூடவே கூடாது, குழம்பில் கிடந்த மீன் வெண்ணெய் மாதிரி போகும். சோற்றில் சூடாக வடித்தது ஒட்டிக்கொண்டு உருண்டையாகிறது. பழைய சோறு எனக்குப் பருக்கை பருக்கையாக இறங்குகிறது. சாப்பாட்டோடு மோர் சேர்க்கிறீர்களே என்று டயட்டீஷியன் திட்டுவார், பிழிந்துதான் சாப்பிடுகிறேன் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

தண்ணீர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே நிறுத்திவிட வேண்டும், முடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி. கூடவே குடித்தால் பையில் நிற்கவேண்டியது கழுவிக்கொண்டு போய்விடும், நிறைந்த உணர்வே வராது. எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான். ரசம் சாதத்தையே அல்லவா விடச் சொல்கிறார்கள்?

இரண்டு வருடத்தில் 84 வரை இறங்கினேன். இன்று 88.

புட்டும் சொதியும் (லண்டன்)

அக்கா, உங்கட பொங்கல் கதை வாசிச்சுச் சிரிச்சுப்போட்டு, பிறகு எனக்கு நடந்ததை நினைச்சன்.

எனக்கு 2009 இல் போட்டது. ஒரு மாசம் நிறை குறையேல்ல எண்டால் உடனே போய் நிற்பன். "இன்னும் கொஞ்சம் இறுக்கி விடுங்கோ" எண்டு நானேதான் கேட்டன், ஆரையும் குறை சொல்லேலாது. இறுக்கினால் மெலியலாம் எண்டுதான் என்ர கணக்கு. நடந்தது மறுவளம். புட்டு இறங்காது, பாண் இறங்காது, இறைச்சி இறங்காது. இறங்கினது என்ன? ஐஸ்கிரீம். சொக்லேட். தேத்தண்ணியில் தோய்ச்ச பிஸ்கட். வாயில் கரையிற எதுக்கும் வளையம் குறுக்கே நிற்காது. பின்னேரம் ஒரு பெட்டி ஐஸ்கிரீமை ரீவி பார்த்துக்கொண்டே முடிச்சுப்போட்டு, மத்தியானம் நான் ஒண்டும் சாப்பிடேல்ல எண்டு மனுசனிட்ட அழுவன். ஆறு மாசத்தில் நாலு கிலோ கூடிச்சு.

இரவில் படுத்தால் இருமல். விடியத் தலகணி நனைஞ்சிருக்கும். சளி எண்டு நினைச்சு மாசக்கணக்கில் இருமல் மருந்து குடிச்சன். கடைசியில் பேரியம் எண்ட வெள்ளை மருந்தைக் குடிக்க வச்சு எக்ஸ்ரே படம் எடுத்தால், சாப்பாடு வளையத்துக்கு மேலே தேங்கி, உணவுக்குழாயே அகண்டுபோய்க் கிடக்கு. படுக்கேக்க அதுதான் தொண்டைக்கு வந்து இருமலாக்கியிருக்கு. இருந்த உப்புத்தண்ணி முழுக்க எடுத்துவிட்டார்கள். அண்டு இரவு நான் நித்திரை கொண்ட மாதிரி அதுக்கு முதல் ஒரு வருசமும் கொள்ளேல்ல.

மூண்டு மாசம் கழிச்சுக் கொஞ்சமாகத் திருப்பிப் போட்டவை, முந்தியிருந்ததில் பாதிதான். இப்ப மீன்குழம்போட ஒரு கை இடியப்பம் நல்லா மென்று சாப்பிடுவன், நாலு மணித்தியாலம் பசிக்காது. சாப்பாடு இறங்கவும் வேணும், கொஞ்சத்தோட போதும் எண்டு தோன்றவும் வேணும், அதுதான் சரியான இறுக்கம். இரவில் இருமல் வந்தால் இருமல் மருந்து வாங்காதேங்கோ, ஃபில் போட்ட இடத்துக்குப் போங்கோ.

புதுசு

கேள்வி கேட்ட தங்கை நான்தான். எல்லாம் படித்தேன், கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. சர்க்கரை மாத்திரை பெரிதாக இருக்கிறதே அக்கா, பொடித்துப் போட்டுக்கொள்ளலாமா?

பாதி இட்லி (ஈரோடு)

பொடிக்கும் முன் அட்டையைப் பாருங்கள் கண்ணு. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர் அல்லது எக்ஸ்ஆர் என்று இருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்ல மெல்ல இறங்கவேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். டாக்டரிடம் சொன்னால் சின்ன மாத்திரையாகவோ, மருந்துநீராகவோ மாற்றித் தருவார். எடை குறையக் குறையச் சர்க்கரை மருந்தின் அளவையும் குறைக்கவேண்டி வரும், அதையும் கேட்டுவிடுங்கள். எனக்கு ஒரு நாள் ஆபீஸில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டின பிறகுதான் குறைத்தார்கள். வலி மாத்திரையும் நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், அந்தக் குட்டிப் பை தாங்காது.

தென்னூர்க்காரன் (திருச்சி)

நான் பேண்டைக் கழற்றியவன். பயமுறுத்த இல்லை, ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன்.

2010 இல் போட்டேன், ஏழு வருடம் நன்றாகவே ஓடியது. பொங்கல் லீவில் ஒரு நாள் மட்டன் சுக்கா. அடைத்தது. வழக்கம்தானே என்று விட்டேன். மறுநாள் தண்ணீரும் இறங்கவில்லை, அதற்கடுத்த நாள் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. லீவு முடியட்டும் என்று இரண்டு நாள் பக்கெட்டை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த இரண்டு நாள்தான் நான் செய்த முட்டாள்தனம். எக்ஸ்ரேயில், சாய்வாக நிற்கவேண்டிய வளையம் படுத்துக் கிடந்தது. கீழே இருக்கவேண்டிய வயிறு வளையத்துக்குள் நழுவி மேலே ஏறிவிட்டது என்றார்கள். உடனே போர்ட்டில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 வைட்டமின் ஊசி போட்டதைக் கவனித்துக் கேட்டேன். நாள்கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு பி1 குறைந்திருக்கலாம், அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளையைப் பாதிக்கலாம் என்று அந்த இளம் டாக்டர் சொன்னார்.

வளையத்தை எடுத்து, சில மாதம் கழித்து ஸ்லீவ் செய்துகொண்டேன். வித்தியாசம் உண்டு. பேண்டில் பசி இருக்கும், வழி இருக்காது. ஸ்லீவில் பசியைத் தூண்டும் சுரப்பு அதிகம் வரும் பகுதியையே வெட்டி எடுத்துவிடுவதால் முதல் வருடம் சாப்பாட்டு ஞாபகமே வரவில்லை. நெஞ்சில் அடைப்பதும் எனக்கு இல்லை. ஆனால் வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது.

ஒரு வாய் அடைத்து, வந்து, சரியானால் சரி. எச்சில் இறங்கவில்லை என்றால் லீவு பார்க்காதீர்கள், நல்ல நாள் பார்க்காதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

பாதி இட்லி (ஈரோடு)

அண்ணா சொன்ன கடைசி வரியை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லிவிட்டேன் என் மகளிடம்.

தங்கைக்கு, கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் சொல்லவில்லை பாருங்கள். டயட்டீஷியன் சரி என்றதும், முதல் சோற்றை வீட்டில், மத்தியான நேரத்தில், யாரும் இல்லாதபோது சாப்பிடுங்கள். அரைக் கரண்டி போதும். டிவி வேண்டாம், போன் வேண்டாம். நெல்லிக்காய் அளவுகூட வேண்டாம், சுண்டைக்காய் அளவு ஒரு வாய். மென்றுவிட்டு ஸ்பூனைக் கீழே வையுங்கள். நான் கையில் எடுத்தால் பழைய வேகம் வந்துவிடுகிறது, அதனால் இன்றைக்கும் ஸ்பூன்தான். "என்ன கண்ணு, கோழிக்குஞ்சு மாதிரி கொத்தறே" என்று மாமியார் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்.

அடுத்த வாரம் பெரியம்மா வீட்டுப் பேரன் கல்யாணம், அதே பெருந்துறை. வீட்டிலேயே ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன், காலையில் அது கொஞ்சம் இளக்கிக் கொடுக்கிறது. பெரியம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது, பக்கத்தில் உட்காரச் சொல்லி இப்போதே போன் வந்துவிட்டது. உட்கார்ந்துதான் ஆகவேண்டும். இலையில் உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.